ரிக்வால் சுரங்கத்துக்குள்

கால்வாய்ப் படகுகள் மலையைக் குடைந்த சுரங்கத்தின் பாதிக்கு வந்திருந்தபோது ஃபிர்மேன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுக்கானடியிலேயே சரிந்தான். அவன் மனைவி ஒடில் பாய்ந்து சுக்கானைப் பிடித்தாள்.

"என்னய்யா ஆச்சு? ஃபிர்மேன்!"

அவனுக்குப் பேச்சு வரவில்லை. முகமெல்லாம் வியர்வை.

குனிந்து அவனைத் தொடக்கூட முடியவில்லை. சுக்கானை விட்டால் கோதுமை ஏற்றிய படகு சுவரில் மோதும், கயிறு அறும், பின்னால் வரும் படகு இவர்கள்மேல் ஏறும். சுரங்கத்துக்குள் எல்லாப் படகுகளும் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னால் போகும் இழுவைப் படகின் பின்னே ஒன்றோடொன்று கட்டித்தான் போகவேண்டும். அதுவோ ஆள் நடக்கிற வேகத்தில்கூடப் போகாது.

"பெர்த்! என் புருஷன் விழுந்துட்டாரு! நிறுத்தச் சொல்லு!" முன்படகைப் பார்த்துக் கத்தினாள்.

காலையில்தான் வரிசையில் முந்திக்கொண்டதற்காக முன்படகுக்காரியான அந்தப் பெர்த்தை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாள்.

அவள் கூவல் ஒவ்வொரு படகாக இழுவைப் படகுவரை போயிற்று. பதில் வருவதற்குள் ஒடிலுக்கு உயிர் போய் வந்தது.

"நிறுத்துனா எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடுமாம்! இழுத்துட்டுதான் போகணுமாம்!"

"அப்போ அவர் சாகட்டுமா?"

சற்று நேரத்தில், சுவரோரத்து நடைபாதையில் ஒரு விளக்கு காத்து நிற்பது தெரிந்தது. படகு அருகே வந்ததும் பருத்த உடம்போடு பெர்த் எகிறி உள்ளே குதித்தாள்.

"தள்ளு. சுக்கானை எங்கிட்ட குடு."

"உன் படகு?"

"என் வீட்டுக்காரன் பாத்துப்பான். சண்டைய வெளிய போய் வெச்சுக்கலாம். அவரப் பாரு முதல்ல."

ஒடில் அவன் தலையை மடியில் வைத்துச் சட்டையைத் தளர்த்தினாள். "தூங்காதய்யா. என்னைப் பாரு. ஏதாவது சொல்லு, திட்டவாவது செய்." அவன் மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்தாள். மாதாவைக் கூப்பிட்டாள், பிறகு அவளையே வைதாள்.

சுரங்கம் முடியும் வாசலில், கால்வாய் மதகுக்காரரின் கார் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது.

ஃபிர்மேன் பிழைத்தான். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. சுக்கானை ஒடில்தான் பிடிக்கிறாள். சுரங்கம் வந்தால் அவன் கீழே போய்ப் படுத்துக்கொள்வான். இருட்டில் நின்று அவள் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அவன் பதில் சொல்லத் தாமதித்தால், இன்னும் உரக்கக் கேட்பாள்.