பெல்ஜியம் கொன்றை

கோமதிநாயகத்துக்கு வீட்டில் வண்ணக் கண்ணாடி வேண்டும் என்று தோன்றியதற்குக் கலையார்வம் காரணமில்லை. அவருடைய மேனேஜர் வீட்டு மாடிப்படியில் ஒன்று இருந்தது. வலியசாலையில் இருந்த தன் வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்ததிலிருந்து அவர் மேனேஜர் வீட்டில் பார்த்ததையெல்லாம் மலிவாக இங்கே இறக்கிக்கொண்டிருந்தார். மார்பிள் மாதிரி டைல், மரம் மாதிரி பிளாஸ்டிக் கூரை, கருங்கல் மாதிரி சுவரில் ஒட்டிய காகிதம். அந்த வீட்டில் இப்போது எதுவும் அதுவாக இல்லை.

கண்ணாடிக்கு விலை விசாரித்துவிட்டு வந்த அன்று அந்த அதிர்ச்சியில் அவர் சாப்பாட்டில்கூடக் குறை சொல்லவில்லை. மறுநாள்தான் கொழுந்தியாள் ஆதிராவின் நினைவு வந்தது. அக்காள் வீட்டில் தங்கித் தம்பானூரில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறவள் அவள். வேலை முடிந்ததும் பழவங்காடியில் ஒரு மாடியறையில் வண்ணக் கண்ணாடியை வெட்டி இணைக்கும் வகுப்புக்குப் போனாள். அதுவரை அந்த வகுப்புக்கு அத்தான் வைத்திருந்த பெயர் ‘குப்பி பொறுக்கப் போறது’.

அவளையே செய்யச் சொல்லி அவர் மயில் கேட்டார். ஆதிரா கொன்றை வரைந்தாள். முன்கதவுக்கு மேலே உள்ள திறப்பு மேற்குப் பார்த்தது. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய அந்த வீட்டுக்குள் சாயங்கால வெயில் வருகிற ஒரே வழி அது. அங்கே மஞ்சள்தான் நிற்கும் என்று நினைத்தாள். ஒவ்வொரு இதழுக்கும் காகித அச்சு வெட்டி எண் போட்டாள். தன் கையை அவள் நம்பவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் வெட்டுமுன் அளந்தாள், வெட்டியபின்னும் அளந்தாள். விளிம்புகளில் செம்பு நாடா சுற்றி, சூட்டுக்கோலால் ஈயம் உருக்கி இணைத்தாள். ஓர் இலை மட்டும் கோணிவிட்டது. அதைத் திருத்தப் போனால் பக்கத்து இதழ் வெடிக்கும் என்று விட்டுவிட்டாள்.

வகுப்பில் டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் நேற்றைய சாம்பார் போல இருந்தது. தான் செய்தது நல்லதா குப்பையா என்பது வெயிலில் வைத்தால்தான் தெரியும். அது தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. அவள் ஆபீசில் இருந்தபோது தச்சர் வந்து கண்ணாடியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து தெருவில் நின்று பார்த்தாள். திறப்பின் வெளிப்பக்கம் பிளைவுட் வைத்துத் திருகி மூடியிருந்தது. உள்ளே போனாள். பிளைவுட்டின் உட்புறத்தில் நிறம் மாறும் எல்இடி விளக்குப் பட்டை, அத்தான் கையில் ரிமோட். கொன்றை நீலமாகி, ஊதாவாகி, பச்சையாகிக்கொண்டிருந்தது.

வெயில் பட வேண்டாமா என்று கேட்டாள். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் ஓசியில் பார்த்துவிட்டுப் போவதற்கா இவ்வளவு செலவு செய்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். செலவு என்றது பிளைவுட்டுக்கு. அக்காள் கிருஷ்ணவேணி அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், “போகட்டு விடுட்டி. அவங்க சுபாவம் தெரியுமில்லா?” என்றாள். தெரியும். ரிமோட் கையில் இருக்கும்வரை அவருக்குச் சூரியன் தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேனேஜரும் அவருடைய தாயார் சரஸ்வதியம்மாளும் காப்பிக்கு வந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. அத்தான் கதவைச் சாத்தி, வீட்டை இருட்டாக்கி, ரிமோட்டை அமுக்கினார். எங்கே வாங்கியது என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“பெல்ஜியம் ஆக்கும். கொச்சியில ஒரு பார்ட்டி மூலமா வரவழைச்சது.”

தட்டோடு நின்ற ஆதிராவுக்கு ஒரு நொடி உள்ளுக்குள் குளிர்ந்தது. பெல்ஜியம் என்றால் நம்புகிறார்களே. அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சரஸ்வதியம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய் அண்ணாந்து பார்த்தாள். “அந்த எலை என்ன, கோணிக்கிட்டு இருக்கு? பெல்ஜியத்துக்காரனும் இப்படித்தான் செய்வானா?”

“ஐயோ, அது அவன் செஞ்சதில்லே. நம்ம கொழுந்தியா தொடைக்கேன்னு ஏறி ஒடைச்சுப் போட்டா. பொறவு ஒட்டுனதாக்கும்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முழுப் படைப்பில் அவளுக்குக் கிடைத்த பங்கு அந்த இலை. அவள் தட்டை மேஜையில் வைத்தாள்.

அப்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுழற்றியது. எல்இடிக்கு அதிலிருந்து இணைப்பு கொடுக்க அத்தான் கஞ்சத்தனப்பட்டிருந்தார். கொன்றை கரிச்சட்டி போலக் கறுத்தது. அவர் ரிமோட்டை அமுக்கினார், தட்டினார், தொடையில் அடித்தார்.

ஆதிரா திருப்புளியை எடுத்துக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். தெருவெல்லாம் வெயில். திருகுகளைக் கழற்றினாள். பிளைவுட், விளக்குப் பட்டையும் வயருமாகக் கையோடு வந்தது. வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடி வெறும் அழுக்குப் பலகையாகத்தான் தெரிந்தது. உள்ளே பேச்சு நின்றுபோனது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. பிளைவுட்டோடு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

கதவைத் திறந்தாள். டைலில், சோபாவில், சரஸ்வதியம்மாளின் வெள்ளைத் தலையில் மஞ்சள் கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்தது. அத்தானின் வழுக்கையில் பச்சை. அதற்குள் அவர் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்: ஒரிஜினல் பெல்ஜியம் என்றால் இப்படித்தான், லைட்டே தேவையில்லை.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும், எண் போட்ட வரிசையில், இதழ் இதழாகப் பார்த்தாள். இலை கோணல்தான். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. அதை இனி யாரும் சொல்லி அவள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எங்கள் பூஜை அறைக்கும் இதேபோல ஒன்று வேண்டும், சீக்கிரம் வரவழைத்துத் தர முடியுமா என்று சரஸ்வதியம்மாள் கேட்டாள். மேனேஜரும் தலையாட்டினார். அத்தான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து தாராளமாகச் சரி என்றார். பிறகு பிளைவுட்டோடு நின்ற கொழுந்தியாளிடம், அவர் குரலில் அதுவரை கேட்டிராத பணிவோடு, “என்ன மக்களே, செஞ்சிரலாம் இல்லா?” என்றார்.

ஆதிரா பிளைவுட்டை அவர் மடியில் வைத்தாள்.

“பெல்ஜியத்துலல்லா கேக்கணும், அத்தான்.”