கோடு உதிர்ந்த மெயில்

என் மனைவி லூர்துமேரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலிதான் கால். அடையாற்றில் எங்கள் கட்டடத்தை வெள்ளத்துக்குப் பயந்து நாலு படி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவளுக்காகவே எங்கள் வாசலில் ஒரு சிமெண்ட் சரிவு இருந்தது. அதில் இறங்கித்தான் மாதா கோயிலுக்குப் போவாள், மீன்காரியோடு சண்டை போடுவாள்.

ஒரு காலையில் அந்தச் சரிவை உடைத்துவிட்டு, செகரட்டரி ஸ்ரீவத்சன் அங்கே தன் புதுக் காரை நிறுத்தினான்.

“யாரக் கேட்டு உடைச்ச?”

“குரூப் மெயில்ல நோட்டீஸ் அனுப்பியாச்சு மிஸ்டர் சூசை. யாரும் ஆட்சேபிக்கலை. மெயில்ல வந்ததுதான் இந்த பில்டிங்ல சட்டம். படிக்காதது உங்க தப்பு.”

என் போனில் அந்த மெயில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. படித்தவன் ஏதோ தந்திரம் செய்துவிட்டான் என்று, மெயில் குரூப்பை நடத்தும் மூன்றாம் மாடி அன்வர் பாஷாவிடம் காட்டினேன்.

“எல்லாருக்கும் வெள்ளையாத்தான் வந்துச்சு நைனா. நோட்டீஸ கலர் படமா அனுப்பிகீறாரு. நம்ம குரூப்புல எழுத்து மட்டும்தான் உள்ள வரும். படம், கலரு, கோடு எல்லாம் வாசல்லயே உதுந்துடும். வெறும் எழுத்தா அனுப்புங்க சார்னு எத்தினி வாட்டி சொல்றது? தந்தி மாதிரி அசிங்கமா கீதாம் அவருக்கு. வந்து சேர்ந்தத ஒருநாளும் தொறந்து பாக்க மாட்டாரு.”

மற்ற வீடுகளுக்கு ஸ்ரீவத்சன் வாயால் சொல்லியிருக்கிறான். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல அன்வர் பாஷா ஒரு மனு எழுதி குரூப்புக்கு அனுப்பினார். வாரக்கணக்கில் பதில் இல்லை. லூர்துமேரி ஜன்னலோடு முடங்கிப்போனாள். மீன்காரி வெளியிலிருந்து வம்புக்கு இழுப்பாள். இவள் பதில் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்துக்கு அவனைப் பழிவாங்காமல் சாகக் கூடாது என்று இருந்தேன்.

பிறகு அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மேலே ‘தீர்மானம்’ என்று இருந்தது. கீழே என் மனு, சொல் மாறாமல்: “உடைத்த சரிவை செகரட்டரி தன் செலவில் திரும்பக் கட்டித் தர வேண்டும். அங்கே கார் நிறுத்தக் கூடாது.” ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆட்சேபம் வராவிட்டால் நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்று முடித்திருந்தான்.

நல்லது செய்கிற ஆளா அவன்? மறுபடி அன்வர் பாஷாவிடம் போனேன். அவர் தன் கம்ப்யூட்டரில் அதன் அசலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உன் மனு தள்ளுபடின்னு அது மேல சேப்புக் கோடு போட்டு அடிச்சு அனுப்பிகீறாரு. கோடு உதுந்துபோச்சு. எழுத்து மட்டும் நின்னுகினு கீது.”

“அவனாண்ட சொல்லுவியா?”

“சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.”

கடலில் இருந்தவன் நான். மீன் முழுசாக வலைக்குள் வரும் முன்னால் கயிற்றை இழுக்க மாட்டேன். ஞாயிறு கழியட்டும் என்று கிடந்தேன்.

திங்கள் காலை கொத்தனாரோடு போய் அவன் மணியை அடித்தேன். மற்ற வீட்டுக்காரர்களையும் படிக்கட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

“வண்டிய எடு. சிமெண்ட் உன் செலவு.”

“என்ன பேசறேள்? அதைத்தான் அடிச்சுட்டேனே.” தான் அனுப்பியதைக் காட்டினான். கோடு ரத்தமாக ஓடியது.

“குரூப்புல வந்தத தொற.”

திறந்தான். கோடு இல்லை.

“நான் என்ன நெனச்சு அனுப்பினேன்னு உங்களுக்கெல்லாம் புரியாதா?” குரல் இறங்கிவிட்டது.

“ஆட்சேபம்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லியிருக்கணும்,” என்றார் முதல் மாடி விசாலாக்ஷி அம்மாள். “நீங்க வச்ச கெடுதானே?”

“மெயில்ல வந்ததுதான் சட்டம். படிக்காதது உன் தப்பு,” என்றேன். இத்தனை நாள் நாக்கில் வைத்திருந்த சொல். கற்கண்டாக இனித்தது.

சரிவு காய்ந்ததும் லூர்துமேரி இறங்கி வந்தாள். முதல் வேலையாக மீன்காரியைத் திட்டினாள். பிறகு தெருவில் மரத்தடியில் நிற்கும் காரைப் பார்த்தாள். மேலெல்லாம் காக்கை எச்சம்.

“பாவம்யா. துணி எடுத்தாந்து தொடச்சு வுடேன்.”

மீன் குடலைத் தினமும் அந்த மரத்தடியில் வீசுவது யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.