கரைக்கு வந்தவர்

"கரைக்குப் போகணும்னா யார்கிட்ட கேக்கணும், தெரியுமா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் காட்ச்போல் இப்படிக் கேட்டபோது ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் நின்றுகொண்டிருந்ததே கரையில்தான். ஆனால் அது கடற்படையின் விமான நிலையம். அங்கே கட்டாந்தரையையும் 'மேல்தளம்' என்பார்கள். வாசலைத் தாண்டி ஊருக்குள் போனால் 'கரைக்குப் போயிருக்கான்' என்பார்கள்.

"சிரிக்காதே பொண்ணே. மூணு மாசத்துல நீயும் இப்படித்தான் பேசுவ."

அவர் சொன்னபடியே ஆயிற்று. மீனவர் வீட்டில் பிறந்த ஹெஸ்டர், தொலைபேசி அறையில் உட்கார்ந்து கடற்படைப் பேச்சைப் பேசப் பழகிவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரி நீர்மூழ்கிகளைத் தேடிப் போன கடல் விமானம் ஒன்று திரும்பவில்லை. உடைந்த மிதவையைப் பிடித்துக் கிடந்த விமானியை மறுநாள் காலை ரோந்துப் படகு மீட்டது. இன்ஜின் நின்று அலைமேல் விழுந்தோம் என்றான். கூடப் பறந்த துப்பாக்கிக்காரர் தெர்ட்டில் என்ன ஆனார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தெர்ட்டிலின் மனைவி ஏடா விடிந்ததிலிருந்து வாசலில் நின்றிருந்தாள்.

"நீ இங்க நின்னா சீக்கிரம் வந்துடுவானா? வீட்டுக்குப் போம்மா" என்றான் காவலாள்.

"வர்றப்ப என் மூஞ்சிதான் முதல்ல தெரியணும் அவருக்கு. உன் மூஞ்சியப் பாத்தா திரும்பக் கடலுக்கே ஓடிடுவாரு."

பத்து மணிக்கு எட்டு மைல் வடக்கே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. கிழவர் ஒருவரின் குரல். "உங்க ஆளு, தெர்ட்டிலு, கரைக்கு வந்துட்டாரு. வண்டி அனுப்புங்க." இணைப்பு அறுந்துபோயிற்று.

ஹெஸ்டர் வாசலுக்கு ஓடினாள். "ஏடாக்கா! கரைக்கு வந்துட்டாராம்!"

ஏடா அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள். "தடியன் நனைஞ்ச கோழியாட்டம் வருவாரு. வெந்நீர் போடணும்டி!" ஓடியே போய்விட்டாள்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் கிழவரின் குரல் ஹெஸ்டரின் காதில் மறுபடி ஒலித்தது. அவள் அப்பாவின் குரலைப் போலவே இருந்தது. அப்பா வீட்டுப் பேச்சில் படகு துறைக்கு வரும், ஆள் வீட்டுக்கு வருவான். கடல் பிணமாகக் கொண்டுவந்து ஒதுக்குகிறவர்களை மட்டும்தான் 'கரைக்கு வந்துட்டார்' என்பார்கள். எப்படி மறந்தாள்?

அந்தக் கிராமத்தை மறுபடி அழைத்தாள். "உசிரோடயா ஐயா?"

"என்னம்மா கேக்குற? கரைக்கு வந்துட்டாருன்னு சொன்னேனே."

பக்கத்தில் நின்று கேட்டிருந்த காட்ச்போல் தொப்பியைக் கழற்றினார். "பாதிரியாரை அனுப்பறேன். நீ உக்காரு."

"சொன்னது நான்தான் ஐயா. நானே போறேன்."

ஏடாவின் சமையலறை சூடாக இருந்தது. அடுப்பின் முன்னால் நாற்காலிமேல் கம்பளிக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வா வா! இந்த வார ரேஷன் சர்க்கரை மொத்தத்தையும் புட்டிங்குல போட்டுட்டேன். திட்டுவாரு, திட்டட்டும். வண்டி வந்துடுச்சா?"

ஹெஸ்டர் கதவருகிலேயே நின்றாள். "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் அக்கா. அவரைக் கடல்தான் கொண்டுவந்து போட்டிருக்கு. அவரு இல்லக்கா."

ஏடா கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். மாவு ஒட்டிய கையைத் துடைத்தாள்.

"என்னைத் திட்டுக்கா. அடிக்கா."

ஏடா மேலங்கியை மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு ஹெஸ்டரைத் தொடாமல், பார்க்காமல், அவளைக் கடந்து வடக்கே போகும் சாலையில் இறங்கி நடந்தாள்.