பெட்டியில் வைத்த கத்தி

இளமதி எதையும் எடுத்துச் செலவழிக்கிற ஆள் இல்லை. போன வருஷம் கம்பெனியில் கொடுத்த ஹாட்பாக்ஸ் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது. நல்ல நாளுக்கென்று எடுத்த மூன்று சுடிதார்களுக்கு இன்னும் நல்ல நாள் வரவில்லை. முப்பத்தாறு வயது, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி வீடு, தனி ஆள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஓசூரில் இருக்கிற அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். குடிகாடு தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனியின் லேபில் அவளுக்கு வேலை. வாரத்தில் ஐந்தரை நாள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தவள், வீட்டுக்கு வந்தும் அதே கையோடுதான் இருந்தாள்.

அவளுக்கு வாய்த்த பொழுதுபோக்கும் அதற்கேற்ற மாதிரியே வாய்த்தது. வீடியோ கேம், அதிலும் பேய் கேம். மலைமேல் பாழடைந்த ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. உள்ளே செத்தும் அடங்காத நோயாளிகள். இரண்டு நர்சுகள் அங்கிருந்து தப்பி வெளியே வரவேண்டும். ஒரு நர்சை நீங்கள் ஆடவேண்டும், இன்னொரு நர்சை இணையத்தில் எங்கிருந்தோ வேறொருவர் ஆடுவார். மற்ற சண்டை ஆட்டங்களில் துப்பாக்கியைத் தூக்கினால் தோட்டா மழையாகக் கொட்டும். இதில் ஒரு மாடி முழுக்கத் துழாவினால் ஏழு தோட்டா கிடைக்கும், எதிரே வருகிற பிணங்களோ பத்து. அதனால் சுடத் தெரிந்தவனை விட, எப்போது சுடக்கூடாது என்று தெரிந்தவன்தான் இந்த ஆட்டத்தில் பிழைப்பான்.

இளமதி அதில் பலே கைகாரி. தலையைக் குறிபார்க்கவே மாட்டாள். பிணத்தின் தலை ஆடிக்கொண்டே வரும், தவறினால் தோட்டா போனது போனதுதான். முழங்காலில் ஒன்று, விழுந்ததும் கத்தி. அகலமான வார்டில் நின்று மல்லுக்கட்ட மாட்டாள், குறுகலான வராண்டாவுக்கு இழுத்து வந்து ஒவ்வொன்றாக வரவைப்பாள். சுற்றிப் போக வழி இருந்தால் பிணத்தைத் தொடவே மாட்டாள். மிச்சம் பிடித்ததையெல்லாம் சேஃப் ரூமில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். சேஃப் ரூம் என்பது பிணங்கள் நுழைய முடியாத அறை. அங்கே ஒரு மரப்பெட்டி உண்டு. அது இரண்டு நர்சுகளுக்கும் பொது, யார் வைத்தாலும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இளமதி அந்தப் பெட்டியைத் திறப்பது வைப்பதற்கு மட்டும்தான். அவள் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

பார்க்கவும்தான் யார் இருந்தார்கள், வினோதினியைத் தவிர?

வினோதினி கிடைத்தது தற்செயல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, முகம் தெரியாத யாரோ ஒருவரோடு இளமதி ஆடிக்கொண்டிருந்தபோது மைக்கில் ஒரு குரல், "ஐயோ பால் பொங்குதே" என்றது. அடுத்த நொடி அந்த நர்ஸ் நடு வார்டில் சிலையாக நின்றுவிட்டாள். மூன்று பிணங்கள் சூழ்ந்துகொண்டன. இளமதி அன்றைக்கு நான்கு தோட்டாவைச் செலவழித்து அவளைக் காப்பாற்றினாள். பாலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவள், "தேங்ஸுங்க, நீங்க தமிழா? எந்த ஊரு?" என்றாள். கடலூர் என்றதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிதம்பரம். நடுவில் ஒரு மணி நேர ரயில் தூரம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மூன்று மணி என்றால் ஆட்டம். அந்த நேரத்தில் வினோதினியின் இரண்டு பிள்ளைகளும் இந்தி வகுப்புக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்காரர் அவருடைய பெயிண்ட் கடையில் இருப்பார். கொழுந்தன் விட்டுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் அவள் வீட்டில் சும்மாவே கிடந்தது. ஆட்டத்தில் வினோதினி மகா ஊதாரி. ஒரு பிணத்துக்கு ஆறு தோட்டா, அது செத்த பிறகு சந்தேகத்துக்கு ஏழாவது. "ஏன்டி இப்படி எறைக்கிற?" என்று இளமதி கத்தினால், "புல்லட்டு சுடறதுக்குத்தானடி, அடகு வெக்கறதுக்கா?" என்பாள். பேச்சும் அப்படித்தான், இறைத்துக்கொண்டே இருப்பாள். மாமியார் வைத்த மீன் குழம்பு, வடக்கு வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே தன் மாடி வீடு, அங்கே தொல்லை கொடுக்கும் குரங்கு, எல்லாம் வரும். இரண்டு மணி நேரம் அந்தக் குரல் வீட்டில் ஓடும். மற்ற ஆறு நாளும் இளமதி வீட்டில் பேசுகிற பொருள் என்று இருந்தது குக்கர் மட்டும்தான்.

வினோதினி போன் நம்பர் தருகிறேன் என்றாள். இளமதி வேண்டாம் என்றுவிட்டாள். பேச்செல்லாம் போனில் தீர்ந்துபோனால் சனிக்கிழமைக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஒரு நாள் நேரிலே பார்ப்போமே என்றதற்கும் பார்ப்போம், பார்ப்போம் என்றாள். தன் தெருப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நல்ல விஷயத்தை முதலிலேயே தின்று தீர்த்துவிடக் கூடாதாம். இப்படியும் ஒரு பிறவி.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்து மூன்று மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரோடு ஒரு சண்டை, அதில் ஜெயித்தால் வெளியே வந்துவிடலாம். இளமதி ஒவ்வொரு வாரமும், "இன்னும் பத்து புல்லட்டு சேரட்டும்" என்று வினோதினியைப் பழைய மாடிகளுக்கே இழுத்துக்கொண்டு திரிந்தாள். பெட்டியில் எப்போதோ போதுமான அளவு சேர்ந்துவிட்டது. உண்மைக் காரணம் தோட்டா இல்லை. டாக்டர் செத்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும், ஆட்டம் முடிந்தால் வினோதினி சனிக்கிழமை எதற்காக வருவாள்? அந்தப் பயத்தை வெளியே சொல்ல இளமதிக்குக் கூச்சமாக இருந்தது. தோட்டாவின் மேல் பழியைப் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை வினோதினியின் பேச்சில் வழக்கமான கலகலப்பு இல்லை.

"இன்னிக்கே முடிச்சிடலாமே இளமதி."

"பன்னெண்டு ஷாட்கன் புல்லட்டுதான் இருக்கு. பத்தாது."

"இருக்கறத வெச்சு போவலாம்டி. நான் ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட."

"இரு, எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ நடுவுல பேசினா தப்பிப் போவுது."

வினோதினியின் நர்ஸ் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "கணக்கு பாக்குறேன்" என்றாள். பரவாயில்லை, இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று இளமதிக்குச் சந்தோஷம். பிறகு அந்த நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வராண்டாவுக்குப் போனாள்.

"எங்கடி போற? உள்ள வா, அடுத்த வாரத்துக்குப் பிளான் போடலாம்."

பதில் மைக்கில் வரவில்லை. திரையின் ஓரத்தில் எழுத்தாக வந்தது: "சரி இளமதி. வரேன்."

இளமதி கதவருகே வந்து நின்றாள். வருகிறவள் பின்னாலேயே பிணமும் வந்தால் கதவைச் சாத்தவேண்டுமே என்று தயாராகவே நின்றாள். பத்து நிமிஷம் போயிற்று. வராண்டாவில் வினோதினியின் நர்ஸ் அசையவில்லை. அரை மணி கழித்து, தொடர்பு அறுந்தது என்று திரை சொன்னது. சிதம்பரத்தில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு எழுந்தாள். யாரும் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சையாக இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமைக்கும் ஒரு காரணம் இருந்தது, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். வரேன் என்று எழுதியிருக்கிறாளே, வராமல் எங்கே போவாள். அந்த வாரம் லேபில் எடுத்த அளவையே இரண்டு தரம் எடுத்தாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அமராவதி, "இன்னா இளமதி, மொகம் ஒரு மாதிரியா கீது?" என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். நாற்பது வயதை நெருங்குகிறவள், கேமில் கூட ஆடுகிறவளைக் காணோம் என்று எந்த வாயால் சொல்வாள்?

மூன்றாவது சனிக்கிழமை சும்மா காத்திருக்க முடியாமல் தனியாகவே மேல் மாடிக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஒவ்வொரு கதவிலும் இரண்டு பக்கமும் அவளே திரும்ப வேண்டியிருந்தது. எப்போதும் எட்டு நிமிஷத்தில் முடிகிற மாடிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கிடைத்தது நாலு தோட்டா. அதைப் பத்திரப்படுத்த சேஃப் ரூமுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள்.

பெட்டியில் அவள் வைக்காத சாமான்கள் இருந்தன. வினோதினியின் கைத்துப்பாக்கி, ஷாட்கன், அதற்கு முப்பத்தோரு தோட்டா, காயத்துக்குப் போடுகிற பச்சிலை ஒன்பது கட்டு. ஒரு பிணத்துக்கு ஏழு தோட்டா அடிக்கிறவளிடம் முப்பத்தொன்று எப்படி மிஞ்சியது? திட்டிய திட்டுக்கெல்லாம் சிரித்துவிட்டு, தெரியாமல் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய கத்தியும் இருந்தது.

துப்பாக்கியைக்கூட ஒருத்தி பெட்டியில் போடுவாள். கத்தியை எவளும் போடமாட்டாள். கடைசித் தோட்டாவும் தீர்ந்த பிறகு கையில் இருக்கிறது அது ஒன்றுதான். திரும்பி உள்ளே வரப் போகிறவள் கத்தியை வைத்துவிட்டு அந்த வராண்டாவுக்குப் போகவே மாட்டாள். அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சரியாகப் படித்தாள். வருகிறவளும் வரேன் என்பாள், செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்குகிறவளும் வரேன் என்றுதான் சொல்வாள். போறேன் என்று நம் ஊரில் வாசலில் நின்று யார் சொல்லியிருக்கிறார்கள்? வாயால் சொல்லியிருந்தால் குரலிலேயே தெரிந்திருக்கும். எழுத்தில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினாள். பரணில் இருந்தும் பீரோவில் இருந்தும் அவள் ஒன்றையும் எடுக்கவில்லை, வீட்டில் போட்டிருந்த சுடிதாரோடு கிளம்பிவிட்டாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ரயில் நின்று நின்று போயிற்று. இவ்வளவு கிட்டத்தில் இருந்த ஊர். இரண்டு வருஷத்தில் நூறு ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கும், ஒன்றைக்கூடத் தொடாமல் வைத்திருந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வடக்கு வீதியில் ஜெராக்ஸ் கடை இரண்டு இருந்தன. இரண்டாவதற்கு மேலே மாடி. கதவில் பூட்டு, பக்கத்தில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை. படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள்தான் வீட்டுக்காரம்மா, பெயர் தைலம்மாள்.

"வீடு பாக்க வந்தியாம்மா?"

"இல்லங்க. வினோதினின்னு ஒருத்தவங்க..."

"அவுங்க திருப்பூருக்குப் போயி மூணு வாரம் ஆவப் போவுதே. கடை சரியா ஓடல, அங்க அவுங்க வீட்டுக்காரரோட அண்ணன் கூடவே தொழில் பாக்கப் போய்ட்டாங்க. நீ அவுங்களுக்கு என்ன வேணும்?"

தங்கை என்றோ, கூடப் படித்தவள் என்றோ ஒன்றைச் சொல்லி வைக்கலாம். இளமதி கதவில் தொங்கிய பூட்டையே பார்த்தபடி நின்றாள். தைலம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கேட்காமலே போனை எடுத்து நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றது வினோதினியின் குரல்.

"நான்தான்டி."

மிக்ஸி நின்றது.

"நீ வரேன்னு எழுதினியே," என்றாள் இளமதி. "நீ உள்ள வர்றேன்னு நெனச்சி கதவுகிட்டயே நின்னேன்."

"கெளம்புறவ வேற என்னத்தடி எழுதுவா? பேசினா அழுதுடுவேன்னுதான் டைப் பண்ணேன். சொல்ல வந்தப்ப நீ புல்லட்டு எண்ணிக்கிட்டு இருந்த. அன்னிக்கு சாயங்காலமே கொழுந்தன் வந்து பிளேஸ்டேஷனையும் எடுத்துட்டுப் போய்ட்டாரு. உன்னைக் கண்டுபிடிக்க எனக்கு நம்பர் இல்ல, தெரு இல்ல. உனக்குதான் என் வீடு தெரியும்."

"ம்."

"பெட்டியத் தொறந்ததும் புரிஞ்சிப்பன்னு நெனச்சேன். கத்தியப் பாத்துட்டு ஞாயித்துக்கெழமையே ஓடி வருவன்னு சட்னி கூட ஜாஸ்தி அரைச்சேன். திங்கக்கெழமையும் பாத்தேன். புதன்கெழமை லாரியில சாமான் ஏத்தறப்பகூட அந்தப் படியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு வாரமாடி ஆச்சு உனக்கு, ஒரு பெட்டியத் தொறக்க?"

இளமதி அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க அழுதாள். வினோதினி போனை வைக்கவில்லை.