உப்பில்லாத பருப்பு

அதிகாரி ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம். வீட்டுச் செய்தி மட்டும். தமிழில் எழுதலாம், பின்பக்கம் இந்தியில் பொருள் எழுத வேண்டும்.

ரோந்தில் மூடுபனிக்குள் வழி தவறி எல்லையைத் தாண்டிய சுடலைமணி அண்டை நாட்டு ராணுவத்திடம் சிக்கி இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. யாரும் அடிக்கவில்லை. கால் சுளுக்கும் சரியாகிவிட்டது.

"நலமாக இருக்கிறேன், நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று எழுது," என்றார் அதிகாரி, இந்தியில்.

"அப்படி எழுதினால் என் மனைவி நம்பமாட்டாள், சார்."

மூன்று வருடங்களுக்கு முன் முகாமில் காய்ச்சலோடு கிடந்தபோது, போனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னான். குத்துக்கல்வலசை வீட்டில் மாரிச்செல்வி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. பிறகு தெரிந்ததும் சண்டை பிடித்தாள்.

"நல்லா இருந்தா நீங்க அப்படியா சொல்லுவிய? சப்பாத்தி வரட்டி மாதிரி இருக்குன்னு சொல்லுவிய. எனக்குத் தெரியாதாக்கும்?"

அதன்பின் இருவருக்கும் அதுதான் கணக்கு. குறை சொன்னால் ஆள் நலம்.

"பருப்பில் உப்பு இல்லை என்று எழுதட்டுமா, சார்?"

"எங்கள் சமையலையா?" அதிகாரியின் முகம் சிவந்தது.

சுடலைமணி காரணத்தைச் சொன்னான். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"கல்யாணமாகி எத்தனை வருடம்?"

"எட்டு."

"எனக்குப் பதினாறு." பேனாவை அவன் பக்கம் தள்ளினார். "எழுது. ஆனால் தேநீரைப் பற்றி ஒன்றும் எழுதாதே."

எழுதினான். பருப்பில் உப்பே இல்லை. போர்வை உடம்பெல்லாம் அரிக்கிறது. இரண்டு வரிக்கு இடம் மிஞ்சியது.

ஊரில் சாரல் தொடங்கியிருக்கும். போன சீசனில் மூவரும் குற்றாலத்தில் குளித்துவிட்டு, துண்டைப் பிழியாமல் தோளில் போட்டபடி பைக்கில் திரும்பினார்கள். நடுவில் மகள் தூங்கிவிட்டாள். மகளைத் தாண்டி நீண்டு வந்த மாரிச்செல்வியின் கை, தென்காசி வரும்வரை அவன் இடுப்பில் இருந்தது. விரல்கள் சில்லிட்டிருந்தன.

'அருவியில தண்ணி விழுதா?' என்று எழுதிக் கொடுத்தான்.

பதில் வர முப்பத்துநான்கு நாட்கள் ஆயின. அதிகாரியே கொண்டுவந்து கொடுத்தார்.

'உப்பில்லைன்னு வாசிச்சதும் அத்தை அழுதாவ. உடனே, எங்க போனாலும் இவனுக்கு வாய் குறையுதா பாருன்னு சிரிச்சாவ. டிவியைத் தெருவுக்கே கேக்குத மாதிரி வைக்காவ, சொன்னா காது கேக்கலைங்காவ. தன்ஷிகா வீட்டுப்பாடம் எழுதமாட்டேங்கா. திட்டுனா உங்களை மாதிரியே முறைக்கா. உங்க தம்பி பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து ஒரு மூட்டை தக்காளி கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டான், பாதி அழுகல். அடுக்களை ஒழுகுது. அருவியில தண்ணி நல்லா விழுது. இன்னும் போகலை.'

சுடலைமணி சிரித்தான். அம்மா நலம். மகள் நலம். தம்பியும் நலம்.

கடைசி வரி மட்டும் தனியாக இருந்தது.

'நான் நல்லா இருக்கேன்.'

அதை மறுபடி வாசித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். வேறெதுவும் இல்லை.

"நல்ல செய்திதானே?" என்றார் அதிகாரி.

சுடலைமணி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"இன்னொரு காகிதம் கிடைக்குமா, சார்?"