மாப்பிள்ளையின் காலை வணக்கம்

பங்குத் தரகுக் கம்பெனியிலிருந்து வந்த அந்த ஆளுக்கு 'மாப்பிள்ளை' என்று பட்டம் சூட்டியவள் தங்கை. தினமும் அன்றைக்குத்தான் தனக்குக் கல்யாணம் என்பதுபோல கோட்டும் வாசனையுமாக வந்து நிற்பான். வாயில் தேன் ஒழுகும். தேன் ஒழுகுகிற இடத்தில் கொடுக்கும் இருக்கும் என்று தங்கை சொன்னாள். அக்கா கேட்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். பிறந்த குழந்தைகளை முதலில் கையில் வாங்கியே காலம் போயிற்று. தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவில்லை. தங்கைக்கும் பிள்ளை இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. ஆக, இந்தப் பூமியில் அக்காவை 'பெரியம்மா' என்றோ 'அத்தை' என்றோ கூப்பிட ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை இரண்டாவது சந்திப்பிலேயே அதை மோப்பம் பிடித்துவிட்டான். பெற்ற தாயை மாதம் ஒருமுறையாவது அழைத்துப் பேசினானோ இல்லையோ, அத்தைக்குத் தினம் காலையில் செல்போனில் குரல் செய்தி அனுப்பத் தவறியதில்லை.

தங்கைக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. நாலுகால் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, குளியலறைக்குப் போவதையே யாத்திரையாகச் செய்துகொண்டிருந்தாள். அக்காவின் ஓய்வுப் பணம் அந்த ஆபரேஷனுக்கு. அதை அவனிடம் ஒளிக்கவும் இல்லை.

"இது தங்கச்சி இடுப்புக்கு வச்ச காசுப்பா. வட்டி கொஞ்சமா வந்தா போதும். முதல் அப்படியே இருக்கணும்."

"உங்க தங்கச்சி எனக்குச் சின்ன அத்தை மாதிரி. விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். கடலுக்கடியில் உலோகம் தோண்டப்போவதாகச் சொன்ன ஒரு கம்பெனியில் முழுப் பணத்தையும் இறக்கினான். அந்தக் கம்பெனி அதுவரை ஒரு படகுகூட வாங்கியிருக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பங்கு பாதாளத்துக்குப் போயிற்று. கம்பெனி சொன்னபடி கடலின் அடியைத் தொட்டது அது ஒன்றுதான். காலை வணக்கங்களும் அன்றோடு நின்றன.

இருவரும் கிளை அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், தோல் சோபா, எழுந்து நிற்காத மேலாளர்.

"சந்தைன்னா ஏறும், இறங்கும்மா. நீங்க பழைய கஸ்டமர், அதனால ஒரு சலுகை. ஒரு வருஷத்துக்குத் தரகுக் கட்டணமே கிடையாது. இனிமே புகார் எதுவும் இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

"காலை ஒடிச்சவன் செருப்பு இலவசம்கிறான். எழுந்திரு அக்கா," என்றாள் தங்கை.

சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். தங்கை படியேற முடியாது என்று தெரிந்ததும், ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரே கீழே வந்துவிட்டார். சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தி இடம் விட்டார். கண்ணாடிச் சுவருக்குள் கிடைக்காத மரியாதை இரும்புத்தூளுக்கு நடுவே கிடைத்தது. கடவுள் விலாசம் மாற்றிக்கொண்டு போகிற இடங்கள் இப்படித்தான் இருக்கும்.

"பங்கு விழுந்ததுக்கு யாரும் நஷ்டஈடு தர மாட்டாங்கம்மா. அது மழை மாதிரி," என்றார் வக்கீல். "ஆனா நடக்க முடியாதவங்களை மலையேறக் கூட்டிட்டுப் போனா அது வழிகாட்டினவன் தப்பு. உங்க வயசு, வருமானம், தேவை எல்லாம் தெரிஞ்சும் இதை வாங்கச் சொன்னானா? அதுதான் கேஸ்."

"என்ன செய்யணும்?"

"முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். ஒழுங்கான பதில் வரலைன்னா, அவங்களைக் கண்காணிக்கிற ஆணையத்துக்கு. அங்கயும் தீரலைன்னா நடுவர் விசாரணை. கோர்ட்டும் இருக்கு, ஆனா ரொம்ப நாள் இழுக்கும். எல்லாத்துக்கும் காலக்கெடு உண்டு. தள்ளிப்போட்டா நல்ல கேஸும் செத்துப்போகும்."

கம்பெனி தந்த முதலீட்டு விண்ணப்ப நகலில் அக்கா 'ஆபத்தான முதலீடுகளில் நீண்ட அனுபவம் உள்ளவர்' என்று இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

"படிச்சுப் பாக்கலையா?"

அக்கா தலை குனிந்தாள். "நான் ஊசி போடறப்ப எந்த நோயாளியும் மருந்துப் பேரைக் கேட்டதில்ல. நானும் அப்படித்தான் கையெழுத்துப் போடக் கையை நீட்டினேன்."

"அவன் வேற ஏதாவது எழுதிக் கொடுத்தானா?"

"ஒரு வரிகூட இல்ல."

"எழுதுவானா அவன்? காலங்காத்தால போன்லதானே கொஞ்சுவான்," என்றாள் தங்கை.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் குரலெல்லாம் இப்ப இருக்கா?"

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. போனில் இடம் போதாமல் கேக் செய்முறை முதல் பக்திப் பேச்சு வரை அழித்தவள், 'அத்தை' என்ற அந்தக் குரலை மட்டும் அழிக்கவில்லை. அவன் வராத நாட்களில் போட்டுக் கேட்டதும் உண்டு. "எல்லாமே இருக்கு," என்றாள் மெல்ல.

வாக்குறுதி எதையும் எழுத்தில் தராதே என்று மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் பாடம் நடத்தியிருந்தார்கள். அவனும் நல்ல மாணவன், எழுதவே இல்லை. பேசினால் காற்றோடு போய்விடும் என்று நினைத்துவிட்டான். தான் ஏமாற்றிய கிழவி தன் குரலைப் பொக்கிஷமாக வைத்திருப்பாள் என்று எந்தத் திருடன்தான் நினைப்பான்?

கம்பெனியின் பதில் 'சந்தை அபாயம்' என்ற இரண்டு சொல்லில் முடிந்தது. ஆணையமும் சமரசம் செய்து பார்த்துவிட்டு நடுவரிடம் போகச் சொன்னது. கம்பெனி வக்கீல் விசாரணையில் நிமிர்ந்து நின்று, "இந்த அம்மா தேர்ந்த முதலீட்டாளர்," என்றார். நடுவர் அக்காவின் போனிலிருந்த குரலைப் போடச் சொன்னார்.

"காலை வணக்கம் அத்தை. கடல் கம்பெனியில மொத்தத்தையும் போட்டுடலாம். சின்ன அத்தை ஆபரேஷன் காசாச்சேன்னு பயப்படாதீங்க, பேங்க்ல இருக்கற மாதிரிதான். ஃபார்மை நானே பாத்து நிரப்பிக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

நடுவர் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். அவன் தன் பளபளக்கும் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு சொன்ன நாளில், நஷ்டத்தின் பெரும்பகுதியைக் கம்பெனி தர வேண்டும் என்றார் நடுவர். படிக்காமல் கையெழுத்திட்டதற்காக அக்காவுக்கு வரவேண்டியதில் கொஞ்சம் கழித்தார். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆபரேஷனுக்குப் போதும்.

வராந்தாவில் மேலாளர் எல்லார் காதிலும் விழும்படி மாப்பிள்ளையிடம் சொன்னார்: "இந்தப் பணத்தை உங்ககிட்டதான் வசூல் பண்ணுவோம். நாளையிலேருந்து வர வேண்டாம்." பாடம் நடத்திய வாத்தியாரும் அவர்தான். மாணவனைக் கைகழுவிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனார். அந்தக் கையை எந்த சோப்பு கழுவுமோ.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்தான். உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை பூத்தது. அக்காவுக்கு அந்த வெளுப்பு தெரியும். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, டையைத் தளர்த்தி, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள்.

குடித்தான். "நன்றி அத்தை," என்றான், பார்வையை உயர்த்தாமல்.

"சிஸ்டர்னு சொல்லு. ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. குனிஞ்சு உக்காரு, சரியாப் போயிடும்."

சிறிது நேரம் நின்று, அவன் முகத்தில் ரத்தம் திரும்பியதும் நகர்ந்தாள். தங்கை நடைவண்டியோடு வாசலில் காத்திருந்தாள்.

"பாட்டில் எங்க?"

"அவன்கிட்ட இருக்கு."

"அதையும் அவன்கிட்டயே முதலீடு பண்ணிட்டியா?"

அக்கா சிரித்தாள். நடைவண்டியின் வேகத்துக்குத் தன் நடையைச் சுருக்கிக்கொண்டு, தங்கையின் பக்கத்தில் நடந்தாள்.