லிங்கேஸ்வரன் எழுதிய ஃபைல்

நாலாயிரத்து இருநூறு வரி, ஒரே ஃபைலில். லிங்கேஸ்வரன் ஆறு வருஷமாக எழுதியது. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் எந்த ஆர்டரை எந்த மெஷினில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் புரோகிராம், ஹாஸ்கெல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில். முழுக்கச் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். வாங்கியதைத் தொடாமல் புதிதாக ஒன்றைச் செய்து கொடுப்பவை. அதை மாட்யூல் மாட்யூலாக, சின்னத் தனி ஃபைல்களாகப் பிரித்துவிடும்படி லிங்கேஸ்வரனோடு வேலை பார்த்த முனீஸ்வரியிடம் சொன்னார் மேனேஜர் பேச்சிமுத்து. "இனிமே எல்லாரும் அதத் தொடணும்லா" என்றார். லிங்கேஸ்வரன் திரும்பி வரமாட்டார் என்பதை அவரால் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

மூன்று வாரமாகப் பிரித்தாள். ஆர்டரைப் பற்றியவை ஒரு மாட்யூலுக்கு, மெஷினைப் பற்றியவை இன்னொன்றுக்கு. ஒவ்வொன்றின் தலையிலும் வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய பெயர்களை மட்டும் எழுத வேண்டும். மற்றவை உள்ளேயே கிடக்கும். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தாள், மூடினாள். தின்றோமா என்று பிறகு யோசித்தால் நினைவில்லை. அழுகையும் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு ஃபங்ஷன் இடம் கிடைக்காமல் நின்றது. ஆர்டர் பக்கம் வைத்தால் மெஷின் மாட்யூல் அதைத் தேடி இங்கே வந்தது. மெஷின் பக்கம் வைத்தால் ஆர்டர் மாட்யூல் அங்கே போனது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதை, எழுதியதைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைலர் ஒப்பவில்லை.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். பழைய வேலையைக் காட்டினால் ஞாபகம் வரலாம் என்று டாக்டர் சொன்னதாக லிங்கேஸ்வரனின் மனைவி இந்து போன வாரம்தான் கூப்பிட்டிருந்தாள்.

லிங்கேஸ்வரன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் தையல் போட்ட கோட்டில் மட்டும் முடி முளைக்கவில்லை. "வாங்க" என்றார். விபத்துக்கு முன்னால் அவளை அவர் உரிமையோடு ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். லேப்டாப்பைத் திறந்து முன்னால் வைத்தாள். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நீங்கதாண்ணே."

சிரித்தார். "சும்மா சொல்லாதீங்க. எழுதுனவன் கெட்டிக்காரன்."

இந்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். முனீஸ்வரியும் பின்னாலேயே போனாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, திரும்பாமலே இந்து சொன்னாள்:

"அன்னைக்கி சோத்துல கைய வச்சாவ, போன் வந்துச்சு. செத்த நேரத்துல வாரேன்னு பாதியிலயே எந்திச்சுப் போனாவ."

அன்று புரோகிராமில் முனீஸ்வரி மாற்றிய இரண்டு வரியால் மில்லில் மெஷின்கள் நின்றன. பழையபடியே திருப்பிப் போட்டிருக்கலாம். பயத்தில் அது தோன்றவில்லை, அவரைக் கூப்பிட்டாள். அவர் பைக்கில் கிளம்பி, வழியில் நின்ற டிராக்டரில் மோதினார். யார் கூப்பிட்டது என்று ஐந்து மாதமாக யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நாந்தாங்க்கா கூப்பிட்டேன்."

"தெரியும். போன்ல ஒம் பேருதான இருந்துச்சு." பால் பொங்கி வந்தது. இந்து அடுப்பைத் தணித்தாள். "நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன். சீனி எம்புட்டுப் போட?"

"ஒரு ஸ்பூன் போதும்க்கா."

உள்ளே ஏதாவது உடையும் என்று முனீஸ்வரி காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. மிஞ்சி நின்ற அந்த ஃபங்ஷனை மட்டும் தனியாக மூன்றாவது மாட்யூலில் வைத்தால் முடிந்தது என்பதுதான் அப்போது தோன்றியது. அவ்வளவு லேசான விஷயம்.

காப்பியோடு வந்தபோது அவர் விரலைத் திரையில் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். இந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஓ... ஆர்... டி..." என்றார். "ம், அடுத்தது" என்றாள் இந்து. விரல் மெதுவாக நகர்ந்து, ஒரு சின்னக் கோடும் அதன் நுனியில் கூரும் சேர்ந்த அம்புக்குறியில் நின்றது.

"இதுக்கு என்ன சத்தம்?" என்று முனீஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்குச் சத்தம் கெடையாதுண்ணே."

தலையாட்டினார். ஆனாலும் விரலை எடுக்கவில்லை. உதடுகள் குவிந்து, எதையோ சொல்லப்போவதுபோல் அப்படியே இருந்தன. மூன்று டம்ளர் காப்பியிலும் மெல்ல ஆடை படிந்தது.